தண்ணீருக்குப் பதினோரு பெயர்

என் அண்ணி நோக்வேசிக்குத் தண்ணீர் என்ற சொல் தெரியாது என்று படித்த ஆள் ஒருவர் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மழை தெரியாதாம், கடல் தெரியாதாம், கை தெரியாதாம், கதவைத் திற என்று சொல்லவும் தெரியாதாம். நாற்பது படங்கள் காட்டியதில் இருபத்து மூன்றுக்குத் தவறான பெயராம். நாற்பத்து நான்கு வயதுப் பெண், மூன்று பிள்ளை பெற்றவள், எந்தச் சாவு வீட்டிலும் முந்நூறு பேருக்குச் சோளமும் பயறும் வேகவைத்துப் போடுகிறவள். அவளுக்குத் தண்ணீர் தெரியாதாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

லுகங்கா என்ற மலையூரில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது எனக்குப் பத்து வயது. பிறந்த வீட்டில் அவள் பெயர் வுயெல்வா. இங்கே வந்த அன்று எங்கள் வீட்டுப் பெண்கள் கூடி நோக்வேசி என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயரோடு தடையும் சேர்ந்து வந்தது. மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் இருக்கும் ஓசை எந்தச் சொல்லில் தட்டுப்பட்டாலும் அந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும். மாமனாரின் அப்பா பெயருக்கும் இதே சட்டம்தான்.

என் அப்பா பெயர் மான்சொலுவாண்டிலே. எங்கள் பேச்சில் அதற்குக் கடல்தண்ணீர் என்று அர்த்தம். ஆகத் தண்ணீர் போயிற்று, கடல் போயிற்று. தாத்தா பெயர் சானெம்வுலா, மழையோடு வந்தவன். அதில் மழையும் ‘வா’வும் போயின. எங்கள் பேச்சில் ஓசை ஒட்டுகிறது என்று ‘திற’ போயிற்று, ‘கை’ போயிற்று, ‘வலிமை’ போயிற்று. எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பெயர் வைத்தவர்கள் தண்ணீரைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்தோ குனிந்தோ பார்த்ததில்லை போலும். நான் வீட்டு மகள், எனக்கு எந்தத் தடையும் கிடையாது. மழை வந்தால் முற்றத்தில் நின்று ‘மழை, மழை’ என்று கத்திக்கொண்டு குதிப்பேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு கொடியிலிருந்து துணி எடுப்பாள்.

வந்த மூன்றாம் வாரம் மாடு முட்டிப் பீப்பாய் சாய்ந்தது. ஊரே தண்ணீருக்குத் தவிக்கும் மாதம். பதறிப்போய், “தண்ணி போகுது! தண்ணி!” என்று கத்திவிட்டாள். என் அத்தை காதில் விழுந்தது. அத்தை காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி. அப்பா நாலு பெரியவர்களை உட்காரவைத்துக்கொண்டு, வாயைக் கழுவ ஓர் ஆடு கொண்டு வா என்று அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு மலை தாண்டி நடந்து போனாள். மறுநாள் தன் அப்பாவின் ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்து வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்து ஓடினேன். கண் உலர்ந்திருந்தது.

“ஸோலெக்கா, ஒரு சொல்லுக்காக இன்னொரு தடவை நான் நடக்க மாட்டேன். பாத்துக்கிட்டே இரு” என்றாள்.

மற்ற மருமகள்கள் மாமியார் சொல்லிக் கொடுக்கும் மாற்றுச் சொற்களை வாங்கிக்கொள்வார்கள். இவள் வாங்கவில்லை, தானே செய்தாள். கடலுக்கு ‘சும்மாக் கத்துறது’. மழைக்கு ‘முன்கோபி’. கைக்குத் ‘தட்டுக்குப் போறது’. என் அப்பா சும்மாக் கத்துகிறவர், முன்கோபி, அவர் கை தட்டுக்குப் போவதைத் தவிர வேறு வேலைக்கு அதிகம் போனதில்லை. இது தெருவுக்கே தெரியும். ஆனால் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? சட்டப்படி ஒரு அசைகூடத் தப்பவில்லையே! “முன்கோபி இன்னைக்குச் சாயங்காலம் ஒரு ஆட்டம் ஆடும்போல, விறகை உள்ள எடுத்துப் போடு” என்று அப்பா எதிரிலேயே என்னிடம் சொல்வாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டுத் தொழுவத்துக்கு ஓடுவேன். தண்ணீருக்கு மட்டும் கேலியில்லாத பெயர் வைத்தாள். ‘பொறுமை’.

சாவு வீடுகளில்தான் அவள் சொல் பெருகியது. எங்கள் பக்கத்தில் சாவு என்றால் சுற்று வட்டார மருமகள்கள் எல்லோரும் கொல்லையில் மூன்று கால் பானைகளைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருத்தி வீட்டில் ஒவ்வொரு மாமனார், ஒவ்வொரு பெயர். அதனால் ஒரே உப்புக்கு அங்கே ஆறு சொல், ஒரே நாய்க்கு நாலு. முன்பெல்லாம் யாருக்கு என்ன வேண்டும் என்று புரிவதற்குள் பானை அடிப்பிடிக்கும். அண்ணி கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டாள். “உங்க வீட்டுல இதுக்கு என்ன பேருடி?” என்பதுதான் புது மருமகளிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரியாத வீட்டுப் பேச்சு எங்கள் மலைச்சரிவுகளில் இல்லை. இதை யாரும் படிப்பு என்று சொல்லவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் டவுன் வானொலியில் ஆள் கேட்டார்கள். மதியச் செய்தியும் வானிலையும் படிக்க வேண்டும், ஊர்க்காரர்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பெண்ணாக இருந்தால் நல்லது, பத்தாம் வகுப்பு போதும் என்றார்கள். அண்ணன் சுரங்கத்தில் இருக்கிறான், டிசம்பரில் மட்டும் வருவான். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். எனக்கு இது வேண்டும் என்று வெளிப்படையாக அவள் சொல்லி நான் கேட்டது அந்த வேலையை மட்டும்தான். அப்பா, “வானிலை சொல்லப் போறாளாம், இவ வாயில மழையே நுழையாது” என்று சிரித்தார். அண்ணி தேய்த்த பாவாடையை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். நானும் துணைக்குப் போனேன்.

தேர்வு நடந்தது வானொலி நிலையத்தை ஒட்டிய சர்ச் கூடத்தில். புழுக்கம் தாங்காமல் கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள், வாசல் பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. நிலைய மேலாளர் ட்யாண்டி, தொப்பையும் நல்ல சிரிப்பும் உள்ள மனிதர். பக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மொழியியல் படித்த இளைஞர் ஒருவர், சொல்வளத்தைச் சோதிக்க வந்தவர். அவர் பெயர் லுவாண்டோ. அந்தப் பெயருக்குள்ளேயும் கடல்! அண்ணி அவரைத் ‘தம்பி’ என்றே கூப்பிட்டுச் சமாளித்தாள்.

முதல் படம், தண்ணீர் கொட்டும் குழாய்.

“இது என்னம்மா?”

“பொறுமை.”

தன்னைப் பொறுத்திருக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் மரியாதையாகக் காத்திருந்தார். இவளும் காத்திருந்தாள். பிறகு அடுத்த படத்தைத் தூக்கினார், மழை.

“முன்கோபி.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “மன்னிக்கணும், நான் கோபப்படலைங்க” என்றார். நான் தோள்துணியை வாயில் அடைத்துக்கொண்டேன். எனக்கு அது சிரிப்பாக இருந்தது, அவ்வளவு புத்தி அன்றைக்கு. நாற்பதும் முடிந்து அவர் தாளை மேலாளரிடம் தள்ளியபோதுதான் சிரிப்பு நின்றது.

“மருமக பேச்சுன்னு எனக்கும் தெரியும்மா” என்றார் ட்யாண்டி. “ஆனா இது ரேடியோ. தாள்ல பாருங்க, நாப்பதுல பதினேழு. மத்த ரெண்டு பொண்ணுங்களும் முப்பத்தெட்டு. சொல் போதாதுன்னு தம்பி எழுதியிருக்கார்.”

“சொல் போதாதா? எனக்கா?”

லுவாண்டோ கெட்டவர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். “ஒரு மொழியில இருக்கிற எல்லாச் சொல்லும் சேர்ந்தது அந்த மொழியோட களஞ்சியம்மா. அதுல ஒரு ஆளுக்கு எவ்வளவு தெரியுமோ அது அந்த ஆளோட சொல்வளம். அதுலயும் ரெண்டு வகை. கேட்டா புரியுற சொல் ஒண்ணு, தானாப் பேசுற சொல் ஒண்ணு. நான் அளக்கிறது பேசுறதைத்தான்.”

“மூணாவது ஒண்ணை விட்டுட்டீங்களே தம்பி. நல்லாத் தெரிஞ்சும் சொல்லாம விடுறது. அதுக்கு உங்க படிப்புல என்ன பேரு?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு புரட்டினார்.

“அப்புறம் நாலாவது. நானாப் பண்ணினது. அது உங்க களஞ்சியத்துல உண்டா, இல்லையா? இல்லைன்னா என் இருபத்திரண்டு வருசப் பேச்சு எல்லாம் என்ன, மாட்டுச் சத்தமா?”

ட்யாண்டி எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார். “கோபப்படாதீங்கம்மா. ஒண்ணு செய்வோம். கதவைச் சாத்திடறேன். உள்ளுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லையெல்லாம் சொல்லிடுங்க. வெளிய யாருக்கும் கேக்காது.”

“எனக்குக் கேக்கும்.”

“வேலை வேணாமா?”

“வேணும். இதைவிட எதுவும் எனக்கு இப்ப வேண்டியதில்ல. ஆனா வேலைக்காகச் சொல்ல மாட்டேன். என் அப்பா ஆட்டைக் குடுத்து மூட வச்ச உதடு இது. கதவைச் சாத்திட்டுத் திருட்டுத்தனமாப் பிரிக்க முடியாது. ரெண்டாவது பரீட்சை ஒண்ணு இருக்குன்னு வெளிய எழுதிப் போட்டிருந்தீங்கல்ல? அதை வைங்க.”

அவள் பேசியதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அத்தனை ஆத்திரத்திலும் ‘வா’ இல்லை, ‘திற’ இல்லை, ‘கை’ இல்லை. அந்தத் திறமைக்கு அவர்கள் தாளில் கட்டம் கிடையாது.

இரண்டாவது தேர்வு, கேட்டுச் சொல்வது. ஊர்க்காரர் ஒருவரின் பழைய அழைப்பைப் போட்டுக் காட்டுவார்கள், சாரத்தைச் சொல்ல வேண்டும். ட்யாண்டி பொத்தானை அழுத்தும்போதே புன்னகைத்தார். நிலையத்தில் எல்லோருக்கும் பிடித்த வேடிக்கைப் பதிவாம் அது. சின்னப் பெண்ணின் குரல், யாரோ பக்கத்தில் நிற்பதுபோலத் தயங்கித் தயங்கி வந்தது.

“கீழ இறங்கி மொண்டு வந்த வெளுத்தது நாறுதுங்க. பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.”

அறிவிப்பாளரின் குரல், “அம்மா, புளிச்ச பால் நாறாம ரோஜாப்பூ மாதிரியா மணக்கும்?” என்றது. சிரிப்பு. உடனே பாட்டு.

முன்னால் போன இரண்டு பெண்களும், பால் கெட்டுப்போனதாக ஒருத்தி புகார் சொல்கிறாள் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“பாலை எங்க எடுப்பாங்க ஐயா?”

“மாட்டுல.”

“மாட்டுக்கு இறங்கிப் போவாங்களா? மொள்ளுவாங்களா? கறப்பாங்களா?”

ட்யாண்டியின் புன்னகை அப்படியே முகத்தில் நின்றது.

“இவ கீழ்ச்சரிவுல எட்டாவது வீட்டு மருமக. அவ மாமனார் பேருலயும் எங்க மாமனார் பேரோட ஓசைதான், அதை அவளாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. போன குளிர்காலம் சாவு வீட்டுல நானும் அவளும் ஒரே பானையில கிண்டினோம். ‘வெளுத்ததை ஊத்துங்கக்கா’ன்னு கேட்டா. நான் பாலையா ஊத்தினேன்? குழாய்லேருந்து பிடிச்சு ஊத்தினேன். அவங்க இறங்கி மொள்றது கீழ் ஊத்துல.”

லுவாண்டோதான் மெதுவாகச் சொன்னார். “தண்ணி. ஊத்துத் தண்ணி கெட்டிருக்குன்னு சொல்றாங்க.”

“இது என்னைக்குப் பேசினது?” என்று கேட்டாள் அண்ணி.

“மூணு வாரம் ஆச்சு” என்றார் ட்யாண்டி. அவர் குரல் மாறியிருந்தது. உடனே மருத்துவமனைக்குப் பேசினார். கீழ்ச்சரிவிலிருந்து ஒன்பது பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள், காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் செய்திக்கு இருபது நிமிடம் இருந்தது.

“நான் இப்பவே அறிவிச்சிடறேன்.”

“நீங்களா? அவங்களைப் பாத்துச் சிரிச்ச ரேடியோ இது. மறுபடி ஒரு ஆம்பளைக் குரல் சொன்னா அடுப்படியில எவ நம்புவா? நான் சொல்றேன்.”

“உங்க சொல்லுல சொன்னா எல்லாருக்கும் புரியுமாம்மா?”

அவள் ஒலிபரப்பு அறையை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் தாள் எதுவும் இல்லாமல், சாவு வீட்டுக் கொல்லையில் பேசுவதுபோலப் பேசினாள்.

“கீழ்ச்சரிவு மருமகளுங்களே, நான் லுகங்கா நோக்வேசி. மூணு வாரம் முன்னால உங்கள்ல ஒருத்தி இங்க ஒரு சேதி சொன்னா. இவங்க சிரிச்சாங்க. இனிமே சிரிக்க மாட்டாங்க. கீழ் ஊத்துல மொண்டதைக் கீழ கொட்டுங்க. எட்டாவது வீட்டுல அது வெளுத்தது. முள்வேலி வீட்டுல அது குளிர்ச்சி. சர்ச்சுக்குப் பின்னால கண்ணாடி. வாத்தியார் வீட்டுல நனைப்பான். பாலத்தடியில இறங்குமுகம். ரெட்டைத் தொழுவத்து வீட்டுல தொண்டைக்காரி…”

வீடு வீடாகப் போனாள். நான் விரல் விட்டு எண்ணினேன். பத்தாவதாக, “எங்க வீட்டுல பொறுமை. எந்தப் பேர் வச்சிருந்தாலும் சரி, குடிக்காதீங்க. குடுக்காதீங்க” என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஊற்றுக்கு வாளியோடு ஓடுவது பாதி நேரம் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். அண்ணி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். வீட்டில் அப்பா வானொலியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். யாரும் அவளுக்கு அனுமதி கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“பிள்ளைங்களா, இது உங்களுக்கு. தண்ணி. அந்த ஊத்துத் தண்ணியைக் குடிக்காதீங்க. தண்ணி.”

முதல் தடவை குரல் உடைந்தது. மூன்றாவது தடவை உடையவில்லை. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்தச் சொல்லை அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை அவளுக்குத்தான் என்று ட்யாண்டி அங்கேயே சொன்னார். “முதல்ல அந்தத் தாளைத் திருத்துங்க. அப்புறம் பேசலாம்” என்றாள் அண்ணி. மறுவாரம் லுவாண்டோ அவளெதிரில் உட்கார்ந்து, இருபத்து மூன்று தவறுகளையும் ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் அவள் சொற்களை எழுதினார். இதெல்லாம் மொழியின் களஞ்சியத்தில் சேர வேண்டியது என்றார். “சேத்துக்கோங்க. யார் பண்ணினதுன்னு பேரையும் சேத்து எழுதுங்க” என்றாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். அன்று சாயங்காலம் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் அத்தை, கையைக் கட்டிக்கொண்டு. அண்ணி அவர் வாயைத் திறக்கவே விடவில்லை. “சொன்னேன் மாமா. உங்களுக்கும் கேட்டிருக்கும். ஒன்பது பிள்ளைங்க படுத்திருக்கு. ஆடு தர மாட்டேன், எங்கயும் நடக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அவர் மனம் உருகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் ஆடும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அண்ணி பழையபடி பொறுமை, முன்கோபி என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. “இப்ப யாருக்குப் பயந்துக்கிட்டு அண்ணி?” என்றேன்.

“பயமா? தடைதான் அவங்க குடுத்தது. சொல்லு நான் பண்ணினது. அதை நான் எதுக்குடி விடணும்?” என்றாள்.

அவள் வானொலியில் பேசிய அன்று மதியம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. செய்தி முடிந்ததும் நிலைய வண்டியில் எல்லோரும் கீழ்ச்சரிவுக்குப் போனோம். வழி நெடுக வாசல்களில் பெண்கள் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது வீட்டு மருமகளின் பெயர் நோலுண்டி. இருபது வயதுகூட இருக்காது. பிள்ளை மருத்துவமனையில். மாற்றுத் துணி எடுக்க வந்தவள், அண்ணியின் குரலைக் கேட்டதும் துணிமூட்டையோடு வெளியே வந்தாள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ட்யாண்டி கேட்டார். கண் திறந்து பார்க்கிறான் என்றாள். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், அவருக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

“என்மேலதான் தப்பு ஐயா. மாமியார் பக்கத்துல நின்னாங்க. நேராச் சொல்லியிருக்கணும். எனக்குப் பேசத் தெரியல.”

மூன்று வாரமாக அந்தப் பெண் இதைத் தன்மேல் போட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ட்யாண்டி தரையைப் பார்த்தார். லுவாண்டோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி அவள் தோளைப் பிடித்து அந்த இருவர் பக்கமும் திருப்பி நிறுத்தினாள்.

“நல்லா நிமிந்து பாரு இவங்களை. முதல் நாளே நீ சரியாத்தான் சொன்ன. சொல் இல்லாம இருந்தது இவங்ககிட்ட.”